ஒரு கல்யாணக் கேசட்டும் ரெண்டு டிவிடியும்

"கழிச்சது போதும்ணே. சபை ஆரம்பிச்ச நாள்லருந்து நீங்க கழிச்சுக்கிட்டேதான் இருக்கீக."

"நீங்க கூட்டிக் கிழிச்சதை நாங்களும் பாத்தோம்ல. கூட்டி என்னத்தைக் கண்டீக? ஒரு தட்டு சுத்துச்சா?"

"சுத்த விட்டீகளா? விட்டாத்தானே சுத்தும்."

"வாயை அளந்து பேசு லட்சுமணா. எங்க அப்பச்சி காலத்துல இப்படி ஒருத்தன் எதுத்துப் பேசியிருப்பானா?"

"ஒங்க அப்பச்சி காலத்துல டிவிடியே கெடையாதுண்ணே."

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற முத்துவேலுக்கு, உள்ளே போகலாமா, கொஞ்ச நேரம் கழித்து வரலாமா என்று யோசனை. காரைக்குடியில் பெரிய வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தால் பங்காளிச் சண்டை என்றுதான் நினைக்கத் தோன்றும். பங்காளிச் சண்டைக்கு நடுவில் தச்சு வேலைக்காரன் போய் நின்றால், கடைசியில் இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து கதவு சரியாகச் சாத்தவில்லை என்று அவனைத் திட்டுவார்கள். முத்துவேல் செக்காலைப் பக்கம் பட்டறை வைத்து, இப்போது எல்லோரும் கேட்கிற நவீன அடுப்படி அலமாரிகளைச் செய்துகொடுக்கிறவர். பெரிய வீடுகளின் சத்தமெல்லாம் அவருக்குப் பழக்கம். ஆனால் இன்று வேறு வழியில்லை. மகள் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

வாசலுக்கு மேலே பலகை தொங்கியது. 'செட்டிநாட்டு ஒளிநாடா உருமாற்றப் பெருஞ்சபை.' ஊரில் யாருக்கும் அவ்வளவு மூச்சு கிடையாது. கேசட் சபை என்பார்கள்.

சபையின் கதை சுருக்கமானது. ஒரு காலத்தில் கல்யாணம், காதுகுத்து என்று எல்லோர் வீட்டு பீரோவிலும் வீடியோ கேசட் கிடந்தது. போட்டுப் பார்க்க டெக் கிடையாது. கேசட்டுக்குள் பூசணம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அப்போது ஊர்ப் பெரியவர்கள் சிலர் கூடி, எல்லோருடைய கேசட்டையும் வாங்கி இலவசமாக டிவிடியில் மாற்றிக் கொடுப்பது என்று சபை ஆரம்பித்தார்கள். நல்ல எண்ணம். சனங்களும் பை பையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முத்துவேலும் தன் கல்யாணக் கேசட்டைக் கொடுத்தார். மகள் ராஜப்ரியா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கே கல்யாணம். அன்றிலிருந்து இன்றுவரை சபை ஒரு கேசட்டையும் மாற்றவில்லை.

காரணம், வெற்று டிவிடி இரண்டு வகை. ஒரு டப்பாவில் கழித்தல் குறி போட்டு ஆர் என்று இருக்கும். இன்னொன்றில் கூட்டல் குறி போட்டு ஆர் என்று இருக்கும். இரண்டும் வட்டம். இரண்டும் பளபளப்பு. இரண்டிலும் அதே கல்யாணம்தான் பதியும். கடைக்காரரிடம் கேட்டால் கைக்கு எது அகப்படுகிறதோ அதை எடுத்துக் கொடுப்பார். இதனால் எந்த வீட்டிலும் சம்பந்தம் முறிந்ததாகத் தகவல் இல்லை.

ஆனால் சபைத் தலைவர் அழகப்பன் சிங்கப்பூரிலிருந்து முதன்முதலில் கொண்டுவந்த டிவிடி பிளேயர் கழித்தலை மட்டும்தான் வாங்கிக்கொண்டது. கூட்டலைப் போட்டால் துப்பிவிடும். செயலாளர் லட்சுமணன் பினாங்கிலிருந்து கொண்டுவந்தது கூட்டலை மட்டும்தான் வாங்கிக்கொண்டது. அந்த இரண்டு பிளேயரும் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. அவை விட்டுப்போன கொள்கைகள் மட்டும் திடகாத்திரமாக இருந்தன.

முத்துவேல் உள்ளே போய்க் கும்பிட்டார்.

"வாங்க முத்துவேலு," என்றார் அழகப்பன். பாங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் நாளைக்கு வாருங்கள் என்று சொல்வதற்குத் தயாரான முகம் அவருக்கு அப்படியே நிலைத்துவிட்டது. "என்ன இம்புட்டுத் தூரம்?"

"எங்க கல்யாணக் கேசட்டு இங்குட்டு இருக்குங்கய்யா. அது வேணும். அவசரம்."

"எதுல?"

"எதுல குடுத்தாலும் சரிங்க."

அழகப்பனும் லட்சுமணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை வருடங்களில் அவர்கள் ஒருமித்துப் பார்த்த பார்வை அதுதான்.

"எதுலயும்னு ஒண்ணு கெடையாது," என்றார் லட்சுமணன். "அப்படிச் சொல்றவுகளாலதான் நாடு இப்படிக் கெடக்கு."

"அப்ப கேசட்டாவே குடுத்துருங்க. நான் வெளிய மாத்திக்கிறேன்."

"மாத்தாமத் திருப்பிக் குடுத்தா அது விதிக்கு விரோதம்," என்றார் அழகப்பன். "உருமாற்றப் பெருஞ்சபைன்னு பேரை வச்சுக்கிட்டு உருமாறாமக் குடுக்கலாமா?"

"அப்ப மாத்திக் குடுங்க."

"மாத்தணும்னா முடிவெடுக்கணும்ல. நாங்க முடிவெடுக்கலைன்னு மட்டும் யாரும் சொல்லிறக் கூடாது. முடிவு தெரியிற வரைக்கும் எதையும் தொடக் கூடாதுன்னு ஒருமனதா முடிவெடுத்து வச்சிருக்கோம். பதினாறு வருசமா அதை ஒரு நாள்கூட மீறினதில்ல."

முத்துவேலின் அவசரத்தையும் சொல்லிவிட வேண்டும்.

அவருடைய மனைவி மீனம்மாளுக்கு ஒரே அண்ணன். பெயர் சேவுகப்பெருமாள். சிங்கம்புணரியில் வீடு கட்டும் மேஸ்திரி. முத்துவேல் கல்யாணத்தில் ஓமம் வளர்த்துப் பொரியிடுகிற நேரம் வந்தது. பெண்ணின் கையில் பொரியை அள்ளிப் போடுவது உடன்பிறந்தானின் உரிமை. பொரித்தட்டு சேவுகப்பெருமாள் கையில்தான் இருந்தது. பிறகு அவர் கையில் இல்லை. இவ்வளவுதான் இரு தரப்பும் ஒத்துக்கொள்கிற சங்கதி.

"ஒங்க சித்தப்பா மகன் எங்கையிலருந்து புடுங்கிட்டான்" என்பது சேவுகப்பெருமாள் கட்சி. "நீங்களே ஒங்க ஊர்க்காரர்கிட்ட குடுத்துட்டுப் பந்திக்குப் போயிட்டீக" என்பது முத்துவேல் கட்சி. மீனம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள்தான். ஆனால் மணப்பெண். குனிந்த தலை நிமிரவில்லை. பொரி கையில் விழுந்தது தெரியும். யார் போட்டது என்று தெரியாது.

அன்றிலிருந்து இந்த இருபத்தெட்டு வருடமாக சேவுகப்பெருமாள் தங்கை வீட்டுக்கு வருவார், போவார், சிரித்துப் பேசுவார். கை மட்டும் நனைக்க மாட்டார். காப்பியைக்கூடக் கடையில் குடித்துவிட்டுத்தான் வருவார். கேசட்டைப் போட்டுப் பார்த்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். வாடகைக்கு டெக் எடுத்து ஒரு தடவை போட்டார்கள். மாப்பிள்ளை அழைப்பு முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. டெக்கைத் திருப்பிக் கொடுக்கிற நேரமும் வந்துவிட்டது.

இப்போது ராஜப்ரியா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது சேவுகப்பெருமாள் சொல்லிவிட்டார். "தாய்மாமன் சீரோட வாரேன், மாலை போடுறேன். ஆனா மொதல்ல அந்தக் கேசட்டைக் காட்டுங்க மாப்ள. எம்மேல தப்புன்னு தெரிஞ்சா நாலு பேரு முன்னால மன்னிப்புக் கேக்குறேன். காட்டலைன்னா இந்தக் கல்யாணத்துல தாய்மாமன் எடம் காலியாத்தான் கெடக்கும்."

தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மணையில் உட்காரவைக்க மீனம்மாள் சம்மதிக்க மாட்டாள். ராஜப்ரியாவோ மாமா வராவிட்டால் கல்யாணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

இதையெல்லாம் முத்துவேல் சபையில் சொல்லி முடித்தபோது, பொருளாளர் விசாலி ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. சபையில் எந்த அணியிலும் சேராதவர் அவர் ஒருவர்தான்.

"பாவம்ண்ணே. அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒண்ணை எடுத்து மாத்திக் குடுங்களேன். வாங்கி வச்ச டிவிடி அறை நெறையக் கெடக்குல்ல."

முத்துவேல் எட்டிப் பார்த்தார். வீட்டின் இரண்டாம் கட்டில் ஒரு அறை. கல்யாணத்துக்குச் சாமான் பரப்பினதுபோல, கழித்தல் டிவிடி ஒரு பக்கம், கூட்டல் டிவிடி ஒரு பக்கம், சம எண்ணிக்கையில், அடுக்கு அடுக்காக. மேலே துணி போர்த்தியிருந்தது. ஓரத்தில் சாம்பிராணி வாடை.

"ஒண்ணுகூடப் பிரிக்கலையா?"

"பிரிச்சாப் பழசாயிரும்ல," என்றார் அழகப்பன். "ஒரு நல்ல காரியம்னா எடுப்போம்."

"இதுவும் நல்ல காரியந்தானுங்களே. எம்மக கல்யாணம்."

"அது ஒங்க வீட்டு நல்ல காரியம்."

விசாலி ஆச்சி விடவில்லை. "எம் மகன் எல்லா வீடியோவையும் மேகத்துல போட்டு வச்சிருக்கானாம்ணே. டிவிடியே வேணாங்கிறான். எந்த ஊர்லருந்து வேணும்னாலும் எடுத்துக்கலாமாம்."

"மேகம் யாரு பேர்ல இருக்கு ஆச்சி?"

"அது தெரியலையே."

"பட்டா இருக்கா? நாளைக்குப் பங்கு பிரிக்கணும்னா எங்குட்டுப் போயி அளப்பீக? மேகத்துக்கு வடக்கே யாரு வீடு, தெற்கே யாரு வீடு?"

இந்த ஒரு விஷயத்தில் லட்சுமணனும் தலைவரை ஆமோதித்தார். மேகம் தள்ளுபடி ஆனது.

முத்துவேலுக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கியிருந்தது. "ஐயா, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில ஒரு மெஷின் இருக்கு. கழித்தலைக் குடுத்தாலும் எழுதுது, கூட்டலைக் குடுத்தாலும் எழுதுது."

லட்சுமணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது நடுநிலை மெஷின். எங்களுக்கும் தெரியும். ஆனா நடுநிலைன்னு ஒண்ணை ஒத்துக்கிட்டா, நாங்க ரெண்டு பேரும் இம்புட்டு நாளா என்ன செஞ்சுக்கிட்டு இருந்தோம்னு நாலு பேரு கேப்பாகல்ல?"

முத்துவேல் செருப்பை மாட்டக் கிளம்பினார்.

அடுத்த கூட்டத்துக்கு எதிர்த் தரப்பையும் அழைத்து வர வேண்டும் என்று சபை உத்தரவிட்டது. கேசட்டில் இருக்கிற தகராறுக்கு இரண்டு பேர் சொந்தம். ஒருத்தர் மட்டும் வந்து கேட்டால் செல்லாது. சேவுகப்பெருமாள் வேலையை விட்டுவிட்டு, கையில் சிமெண்ட் காயாமல் சிங்கம்புணரியிலிருந்து பஸ் ஏறி வந்தார். சபையில் கொடுத்த மோரை வாங்கி மடமடவென்று குடித்தார். முத்துவேல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

"நீங்க கூட்டலா, கழித்தலா?" என்றார் அழகப்பன்.

"நான் மேஸ்திரிங்க."

"இல்ல, ஒங்க அபிப்பிராயம்?"

"எங்க மாப்ள வீட்டுச் சித்தப்பா மகன் தட்டைப் புடுங்குனான். அதான் என் அபிப்பிராயம்."

"அதை அப்பறம் பாப்போம். மங்கல காரியத்தைக் கழித்தல்ல பதியலாமான்னு செயலாளர் கேக்குறாரு."

"தாலி கட்டுனா பொண்ணு ஒரு வீட்டுல கழியத்தானே செய்யிது," என்றார் சேவுகப்பெருமாள். "இன்னொரு வீட்டுல கூடுது. இதுல என்னத்தைப் பேசுறீக?"

இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவரைப் பேசவிட்டால் ஆபத்து என்று உணர்ந்து, இனிமேல் தெய்வத்திடம் விடுவது என்று தீர்மானித்தார்கள்.

பூக்கட்டிப் பார்ப்பது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. சிவப்பு வந்தால் கூட்டல், வெள்ளை வந்தால் கழித்தல். செயலாளர் லட்சுமணன் பக்தியோடு இரண்டு பொட்டலமும் கட்டினார். வெளியூர்க்காரர், பொதுவானவர் என்று சேவுகப்பெருமாளை எடுக்கச் சொன்னார்கள். கண்ணை மூடி எடுத்தார். சிவப்பு.

"கூட்டல்," என்றார் லட்சுமணன்.

அழகப்பன் பாங்கியில் இருந்தவர் அல்லவா, எடுக்காத பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தார். அதிலும் சிவப்பு.

"என்ன லட்சுமணா இது?"

"வெள்ளைப் பூ இன்னைக்குக் கெடைக்கலண்ணே. தெய்வம் நெனைச்சா இல்லாததையும் வரவச்சிருக்கும்ல. வரலையே."

மறுபடி கட்டினார்கள். இந்தத் தடவை அழகப்பன் கட்டினார். சேவுகப்பெருமாள் எடுத்தார். வெள்ளை. லட்சுமணன் மற்றதைப் பிரித்தார். வெள்ளை.

"ஆக ஆளுக்கு ஒண்ணு," என்றார் அழகப்பன், நிதானம் குலையாமல். "ரெண்டும் சமம்னு தெய்வமே சொல்லிருச்சு. இனி சமமாப் பிரிக்க வேண்டியதுதான்."

பிரிக்கிறதில் அந்த ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு வீட்டை, தூணுக்குத் தூண், நிலைக்கு நிலை, பத்துப் பங்காளிகளுக்குப் பிரித்துவிட்டு, வீடு இருந்த இடத்தில் அப்படியே இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். கல்யாணக் கேசட்டையும் அப்படியே பிரித்தார்கள். ஒரு சடங்கு கழித்தல் டிவிடிக்கு, அடுத்த சடங்கு கூட்டல் டிவிடிக்கு. மாப்பிள்ளை அழைப்பு கழித்தல். நிச்சயம் கூட்டல். காப்புக் கட்டு கழித்தல். இப்படியே போய்த் தாலியில் தகராறு வந்தது. தாலியை யாரும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. கடைசியில் முதல் முடிச்சு கழித்தலுக்கு, இரண்டாவது முடிச்சு கூட்டலுக்கு, நாத்தனார் போடுகிற மூன்றாவது முடிச்சு இருவருக்கும் பொது என்று ஒப்பந்தம் ஆனது.

"பொரியிடுறது?" என்றார்கள் முத்துவேலும் சேவுகப்பெருமாளும் ஒரே நேரத்தில்.

"அதுலதான தகராறு? பாதி பாதி," என்றார் லட்சுமணன்.

வெளியே வந்து இருவரும் நிழலில் நின்றார்கள்.

"மாப்ள, இவுக கையில எம்மருமக கல்யாணம் கெடக்கே."

"நான் என்ன மச்சான் செய்ய?"

"நீங்க இவுககிட்ட கேசட்டைக் குடுத்திருக்கக் கூடாது."

"நீங்க தட்டைக் குடுத்திருக்கக் கூடாது."

"குடுக்கலைங்கிறேன்."

பஸ் வரும்வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கேசட் இருந்த அலமாரிக்கு ஐந்து பூட்டு. சபையை ஆரம்பித்த ஐந்து பங்காளிகளுக்கு ஆளுக்கு ஒன்று. நான்கு சாவி ஊரில் இருந்தது. ஐந்தாவது சாவிக்காரர் பினாங்கில் இருந்தார். அவரை வீடியோவில் கூப்பிட வேண்டும். எந்தச் செயலியில் கூப்பிடுவது என்று அழகப்பனுக்கும் லட்சுமணனுக்கும் ஒரு வாரம் நடந்த வாக்குவாதத்தை விட்டுவிடுகிறேன். கடைசியில் அவர் சாதாரணமாகப் போனில் கூப்பிட்டுவிட்டார். "சாவி தொலைஞ்சு போச்சுப்பா. ஆனா பூட்டை ஒடைக்கச் சம்மதிக்க மாட்டேன். அது எங்க பங்கு." சபை கலங்கிப்போனது. விசாலி ஆச்சி போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். அது கையோடு வந்துவிட்டது. இத்தனை வருடமும் பூட்டப்படாமல் சும்மா தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சபை அதைக் கண்டுகொள்ளவில்லை. ஐந்தாவது பங்காளியின் பெருந்தன்மைக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் போட்டார்கள்.

உருமாற்ற நாள் வந்தது. மேளம் வைத்தார்கள். டிவிடி டப்பாக்களுக்குச் சந்தனம் தெளித்து, கழித்தலில் ஒன்று, கூட்டலில் ஒன்று பிரித்தார்கள். பிரித்ததும் ஒரு வயதானவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையின் நடுநிலை மெஷினை, அந்தப் பெயரைச் சொல்லாமல், துண்டு போர்த்திக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அழகப்பன் பேசினார். "பெரியோர்களே, உலகம் வேகமாக ஓடுகிறது. நேற்றுக் கேசட், இன்று டிவிடி, நாளைக்கு என்னவோ. இந்த வேகத்தில் அவசரப்பட்டு முடிவெடுத்தவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள்? அவர்களிடம் இப்போது எல்லாம் பழசாக இருக்கிறது. நம்மிடம் இருப்பது அத்தனையும் புதுசு. பிரிக்கவேயில்லை. இதுதான் தொலைநோக்கு."

பலத்த கைத்தட்டல்.

டெக்கை ஒரு சின்ன டிவியில் மாட்டிக் கேசட்டைப் போட்டார்கள். சடங்கு மாறும்போதெல்லாம் லட்சுமணன் மணி அடிப்பார். மணி அடித்ததும் மெஷினில் டிவிடியை மாற்ற வேண்டும். அப்போது கேசட்டைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாமே என்று விசாலி ஆச்சி கேட்டார். நடக்கிற கல்யாணத்தை நடுவில் நிறுத்துவது அபசகுனம் என்று மறுத்துவிட்டார்கள். கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனை வருடம் உள்ளே அடித்துக்கொண்டவர்கள், ஊர் கூடின இடத்தில் மரியாதையில் ஒருவரையொருவர் மிஞ்சினார்கள்.

"மணி அடிச்சிருச்சு. நீங்க உக்காருங்கண்ணே."

"இல்ல லட்சுமணா, இது ஒன் பங்கு. நீ உக்காரு."

"நீங்க மூத்தவுக. நீங்க எந்திரிச்சு நிக்க, நான் எப்படி உக்கார?"

"தலைவர் சொல்றேன், உக்காரு."

டெக்குக்குள் முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. லட்சுமணன் உட்கார்ந்தபோது ஓமப் புகை வந்துகொண்டிருந்தது.

முத்துவேல் எழுந்தார். "ஐயா, பொரியிடப் போறாக. அது வரைக்குமாச்சும் ஒருத்தரே உக்காந்திருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஒப்பந்தம் ஒப்பந்தந்தானே முத்துவேலு," என்றார் அழகப்பன். மணி அடித்தது. "லட்சுமணா, நீ எந்திரிக்காத. நான் நின்னுக்கிட்டே மாத்துறேன்."

"ஐயையோ, தலைவர் நிக்கிறதா?"

பாதிப் பொரியில் மறுபடி மணி அடித்தது; ஒருவருக்கொருவர் இடம் விட்டு நின்ற இரண்டு பேர் முதுகும் அந்தச் சின்ன டிவியை மறைத்ததில், பொரியிட்டு முடிந்தது யார் கண்ணிலும் படவில்லை.

விழா முடிந்ததும் இரண்டு டிவிடியையும் வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள்.

"கேசட்டையும் குடுத்துருங்க," என்றார் சேவுகப்பெருமாள்.

"அது எப்படி?" என்றார் அழகப்பன். "ஒரு சொத்துக்கு ரெண்டு பத்திரம் இருக்கலாமா? மாத்தி முடிச்சதும் கேசட்டை அழிச்சிறணும்னு விதி. சும்மா அழிக்க மனசு வரல. இப்ப முடிச்ச என்னோட நன்றியுரையை அதுமேல பதிஞ்சாச்சு. வேணும்னா அதைக் கொண்டுபோங்க."

சேவுகப்பெருமாள் சட்டைக் கையை மடித்தார். முத்துவேல் அவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கை தோளில் இருந்ததை ரொம்ப தூரம் வரைக்கும் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

வீட்டில் ராஜப்ரியா தன் லேப்டாப்பில் போட்டாள். அது கழித்தலையும் வாங்கிக்கொண்டது, கூட்டலையும் வாங்கிக்கொண்டது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீனம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கழித்தல் டிவிடி. ஓமப் புகை. மணவறை ஓரத்தில் சேவுகப்பெருமாள், ஒல்லியாக, மீசை சரியாக முளைக்காமல், இரண்டு கையாலும் பொரித்தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தங்கையைப் பார்க்கிறார். கண்ணைத் தோளில் துடைத்துக்கொள்கிறார். அதோடு படம் நின்றது.

"அழுதிருக்கியேண்ணே," என்றாள் மீனம்மாள்.

"புகை."

"புகை அங்குட்டுல்ல போகுது."

சேவுகப்பெருமாள் திரையிலிருந்து திரும்பிக்கொண்டார். "அடுத்ததைப் போடு தாயி," என்றார் ராஜப்ரியாவிடம்.

கூட்டல் டிவிடி. மீனம்மாள் கையில் பொரி விழுகிறது. தட்டைப் பிடித்திருப்பவர் பச்சைச் சட்டை. கையில் தங்க நிறக் கடிகாரம். வாய் நிறைய வெற்றிலை. ரொம்ப உரிமையோடு அள்ளி அள்ளிப் போடுகிறார். தூரத்தில் சேவுகப்பெருமாளின் முதுகு, பந்தி நடக்கிற பக்கம் போகிறது.

"பாத்தீகளா," என்றார் முத்துவேல். "ஒங்க ஊர்க்காரர்."

"எங்க ஊர்க்காரரா? இவரு ஒங்க சித்தப்பா மகன்ல."

"எங்க சித்தப்பா மகன் குட்டை. இவரு வெடவெடன்னு இருக்காரு."

"நிறுத்து, நிறுத்து. மறுபடி போடு."

மறுபடி போட்டார்கள். மறுபடியும். மீனம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். சிங்கம்புணரிக்குப் போன் போட்டு விசாரித்தார்கள். முத்துவேலின் சித்தி வீட்டுக்குப் படத்தை அனுப்பிக் கேட்டார்கள். பெண் வீட்டில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டிலும் தெரியவில்லை. அன்றைக்குப் பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து உபசரித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்று நினைத்து உபசரித்திருக்கிறார்கள்.

"இருபத்தெட்டு வருசம்," என்றார் சேவுகப்பெருமாள். "யாருன்னே தெரியாத ஒரு ஆளுக்காகவா எந்தங்கச்சி சோத்தைத் திங்காம இருந்தேன்?"

மீனம்மாள் முதலில் சிரித்தாள். பிறகு ராஜப்ரியா. கடைசியில் முத்துவேலும் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று மச்சான் முகத்தைப் பார்த்தார்.

"இருந்தாலும் மாப்ள," என்றார் சேவுகப்பெருமாள். "அந்த ஆளு புடுங்குனாரா, நான் குடுத்தேனாங்கிறது நிக்கிதுல்ல."

"நிக்கிதுதான் மச்சான்."

"நான் அழுதுக்கிட்டு நின்னேன். எனக்கே இப்ப நிச்சயமாச் சொல்லத் தெரியல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சீரு வரும். மாலையும் எங்கையால விழும். அதுல மாத்தமில்ல. பந்தில உக்காரணும்னா மட்டும் அந்தப் பச்சைச் சட்டைக்காரரு வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். நான்தான் குடுத்தேன்னு சொன்னாலும் சரி. ஒத்துக்கிட்டு உக்காந்து திங்கிறேன்."

"அம்புட்டுத்தானே," என்றாள் மீனம்மாள். "காப்பியாச்சும் குடிச்சுட்டுப் போ."

"அவரு வரட்டும் மீனா."

மேகம், டிவிடி, கேசட் எதிலும் அந்தச் சில விநாடிகள் இப்போது இல்லை. ஞாபகத்தில்தான் இருக்க வேண்டும். அதனால் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். தொண்ணூற்றேழாம் வருடம் ஆவணி மாதம், காரைக்குடியில் நடந்த முத்துவேல், மீனம்மாள் கல்யாணத்துக்கு நீங்கள் வந்திருந்தீர்களா? மணவறைக்குப் பக்கத்தில் நின்றிருந்தீர்களா? பச்சை முழுக்கைச் சட்டை, தங்க நிறக் கடிகாரம், உயரமான ஆள். அவர் யார் என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். இதை அவரே படிக்கிறார் என்றால், ஐயா, யாரும் உங்கள் மேல் கோபமாக இல்லை. வரும் முகூர்த்தத்துக்கு உங்களுக்கும் அழைப்பு உண்டு, இந்தத் தடவை முறையாகவே. தட்டை வாங்கினீர்களா, பிடுங்கினீர்களா என்று மட்டும் ஒரு வரி பதில் போடுங்கள். அங்கே ஒருவர் இலைக்கு முன்னால் உட்காராமல் நிற்கிறார்.